பிரையன் மே: கிட்டார் ஒயரிங், கோள்தூசி, பேட்ஜர் – விவரமாகப் பேச ஓர் இழை

தந்திமீட்டி:

குவீன் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே பற்றிச் சுற்றிவரும் ஃபார்வர்டுகள் எல்லாம் “ராக் பாட்டுக்காரர், ஆனாலும் டாக்டர் பட்டம் வாங்கிட்டார் பாருங்க” என்ற வாய்பிளப்போடு நின்றுவிடுகின்றன. எதை அளந்து பட்டம் வாங்கினார், அந்த கிட்டாருக்குள் என்ன இருக்கிறது, பேட்ஜர் என்ற காட்டு விலங்கைக் கொல்வதை எதிர்க்கும் அவர் பேச்சில் எவ்வளவு நியாயம், இதையெல்லாம் யாரும் தொடுவதில்லை. இங்கே அதைப் பேசலாம். ரசிகர் மன்றத்துக்கு வேறு இழை இருக்கிறது.

கிட்டாரிலிருந்து தொடங்குகிறேன். ‘ரெட் ஸ்பெஷல்’ வேலை 1963 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பையனுக்கு 16 வயது, கூட அப்பா ஹெரால்ட். முடிக்க இரண்டு வருடம். கழுத்துக்கு, நூறு வருடப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்த மகோகனி. பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். உடலுக்குப் பழைய மேசையின் ஓக், பிளாக்போர்டு (மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை), மேலே மகோகனி வெனீர். பிரெட் (கழுத்தில் சுரம் பிரிக்கும் உலோகக் கட்டை) புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 8 பவுண்டு.

எல்லோரும் பொத்தானையும் அடுப்பையும் சொல்லிச் சிலாகிப்பார்கள். எனக்கு அதில் பெரிய வேலையாகத் தெரிவது, கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோதான். பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) ஒரு கத்திமுனை எஃகின் மேல் ஊசலாடுகிறது. கம்பிகளின் இழுவையை எதிர்த்து நிற்பது 1928 பேந்தர் மோட்டார்சைக்கிளின் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகள். கைப்பிடி சைக்கிள் சீட்டுப் பையைத் தாங்கும் கம்பி, அதன் முனையில் அம்மாவின் பின்னலூசித் துண்டு. கம்பி நீளம் 24 அங்குலம். 9 கேஜ் (மெல்லிய) கம்பி செட் போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 34 கிலோ இழுக்கும். இவ்வளவு பாரம் ஏறி இறங்கினாலும் சுருதி திரும்பி அதே இடத்துக்கு வர வேண்டும். வராமல் போவது எங்காவது உராய்வு இருப்பதால். அதனால்தான் நட்டில் (கழுத்தின் தலைமுனைத் தாங்கியில்) பள்ளம் வெட்டிக் கம்பியை இறுக்காமல் ஜீரோ பிரெட் வைத்தார், பிரிட்ஜில் உருளைகள் வைத்தார், கம்பி முறுக்காணிக்கு நேர்கோட்டில் போகும்படி தலைப்பகுதியை அமைத்தார். இன்று காசு கொடுத்து வாங்கும் பல கிட்டார்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

சால்டர்மணி:

அண்ணே, ஒயரிங்கை விட்டுட்டீங்க. நகல் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்). ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப்புகள் பேரலல் (பக்கவாட்டு இணைப்பு); இதில் மூன்றும் சீரிஸ் (ஒன்றின் பின் ஒன்றாக). ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஸ்லைடு ஸ்விட்ச்: ஒன்று ஆன்/ஆஃப், இன்னொன்று ஃபேஸ் (சிக்னலைத் தலைகீழாக்குவது). ஆக ஆறு ஸ்விட்ச்.

முதல் தப்பு: ஆஃப் ஸ்விட்சை, சாதாரண லைட் ஸ்விட்ச் மாதிரி, சுற்றைத் துண்டிக்கும்படி போடுவது. சீரிஸில் ஒன்றைத் துண்டித்தால் மூன்றும் ஊமை. ஆஃப் என்றால் அந்தச் சுருளின் இரண்டு முனையையும் குறுக்காக இணைத்து, சிக்னல் அதைத் தாண்டிப் போக வழிவிட வேண்டும்.

இரண்டாவது தப்பு: பிக்கப்பின் உலோக மூடியும் சுருளின் ஒரு முனையும் உள்ளேயே ஒட்டியிருக்க, அப்படியே ஃபேஸ் ஸ்விட்சைப் போட்டுவிடுவது. ஃபேஸைத் திருப்பிய உடனே மூடி சிக்னல் பக்கம் போய்விடும். தொட்டால் ஹம் அள்ளும். மூடிக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டு, சுருளின் இரண்டு முனையையும் சுதந்திரமாக வெளியே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, பாட்டிங்: சுருள் அசையாமல் இறுக்குவது. ட்ரை-சோனிக் சுருளுக்குப் பாபின் (சுற்றுகிற கட்டை) கிடையாது. சும்மா சுற்றி டேப் ஒட்டியது. சத்தம் ஏற ஏற சுருளே அதிர்ந்து மைக் மாதிரி வேலை செய்து ‘கீ’ என்று கத்தும். மே அதை அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார். அரால்டைட் நன்றாக வேலை செய்யும், ஆனால் திரும்ப வழியில்லை: உள்ளே கம்பி அறுந்தால் பிக்கப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாகச் செய்கிறவர்கள் மெழுகில் முக்குங்கள். 65 டிகிரி போதும். நேரடி நெருப்பு வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம்.

சீரிஸில் இரண்டைச் சேர்த்து ஒரே ஃபேஸில் போட்டால் நடுப்பகுதி தடித்து, அவுட்புட்டும் கூடும். பிரிட்ஜும் நடுவும் ஒரே ஃபேஸ்: மே அதிகம் பிடிக்கும் சத்தம் இதுதான். எதிர் ஃபேஸில் போட்டால் இரண்டுக்கும் பொதுவான அடிச்சுரம் ஒன்றையொன்று தின்றுவிடும், மேல்சுரங்கள் மட்டும் மிஞ்சும். மெலிந்த, கத்துகிற சத்தம். ஓவர்டிரைவ் (ஆம்பை முறுக்கினால் வரும் கரகரப்பு) இல்லாமல் கேட்டால் ‘ஏதோ ஒயர் விட்டுப்போச்சு’ என்று தோன்றும். பயப்பட வேண்டாம்.

சந்தேகப்பிராணி:

ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார் என்கிறார்களே. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை அடையாளத்துக்கா?

தந்திமீட்டி:

உண்டு. 19 மி.மீ. சொச்சம் அகலம், விளிம்பு முழுக்க மெல்லிய வரிகள். கம்பிக்கு இணையாகத் தட்டையாகப் பிடித்தால் வழவழப்பாகப் போகும். கொஞ்சம் சாய்த்தால் வரிகள் கம்பியை அரத்தால் தேய்ப்பது மாதிரி உரசி, ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சின்ன ‘ஸ்க்’ விழும். பிளாஸ்டிக் பிக் வளைந்து கொடுப்பதால் கம்பியின் எதிர்ப்பு விரலுக்கு வந்து சேராது, காசு வளையாது என்பது அவர் சொல்லும் காரணம். அந்தக் காசு செல்லாமல் போய்ப் பல வருடம் கழித்து, 1993 சுற்றுப்பயணத்துக்காக பிரிட்டனின் அரசு நாணயச்சாலையே தனியாக அடித்துக் கொடுத்தது.

முயன்று பார்க்க நம்ம ஊர் பழைய தாமிர-நிக்கல் 25 பைசா ஏறக்குறைய அதே அகலம். விளிம்பில் வரி தேயாததாகப் பார்த்து எடுங்கள். எஃகு நாணயம் வேண்டாம், கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சால்டர்மணி:

கிட்டாருக்கு அப்புறம் ட்ரெபிள் பூஸ்டர் (மேல்சுரங்களை ஏற்றிவிடும் சின்னப் பெட்டி), அதற்கப்புறம் வாக்ஸ் ஏசி30 ஆம்ப், நார்மல் சேனல், வால்யூம் முழுக்கத் திறந்து. இதை அயர்லாந்து கிட்டார்காரர் ரோரி கேலகரிடம் பார்த்துக் கற்றார். அவரிடம் ரேஞ்ச்மாஸ்டர் பூஸ்டர் இருந்தது. சர்க்யூட் ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஓசி44. உள்ளே வரும் இடத்தில் 5 நானோஃபாரட் கெபாசிட்டர், பேஸுக்கு 470 கே (கிலோ ஓம்), 68 கே, எமிட்டரில் 3.9 கே, அதற்கு இணையாக 47 மைக்ரோஃபாரட். கலெக்டரில் 10 கே பாட். 9 வோல்ட் பேட்டரி. கலெக்டரில் மைனஸ் 7 வோல்ட் அளவுக்கு வந்தால் சரியான இடம்.

அந்தச் சின்ன உள்வாயில் கெபாசிட்டர்தான் சூட்சுமம். கீழ்ச்சுரங்களைக் கழித்து அனுப்புவதால், ஆம்பை எவ்வளவு முறுக்கினாலும் களிமண் ஆகாது.

இரண்டு எச்சரிக்கை. இது பாசிட்டிவ் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட்தான். தனி பேட்டரி கொடுங்கள். அடுத்தது, கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் இடைச்சுற்று) உள்ள பெடல் எதையும் செருகாதீர்கள். பூஸ்டரின் தாழ்ந்த உள்மின்தடை பிக்கப்பை நேரடியாக இழுக்க வேண்டும். நடுவில் பஃபர் வந்தால் வெறும் கிறீச்.

அலைநீளம்:

மேடையில் மே பயன்படுத்திய இரண்டு எக்கோவும் மூன்று ஆம்பும் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கிட்டாரில் மூன்று குரல் கானன் (ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது) வாசிக்க, சுமார் 800 மில்லிநொடி தள்ளி ஒன்று, அதற்கும் இரண்டு மடங்கில் இன்னொன்று. அக்காலத்து எக்கோபிளெக்ஸ் டேப் எந்திரத்தில் அவ்வளவு தாமதம் கிடைக்காது. தலை நகரும் தண்டவாளத்தை நீட்டித்தான் அதை வரவழைத்தார்.

ஆனால் ஏன் ஒவ்வொரு எக்கோவுக்கும் தனி ஆம்ப்? பிரமாண்டத்துக்காக இல்லை. முறுக்கிவிட்ட வால்வு ஆம்ப் ஒன்றுக்குள் 440 ஹெர்ட்சும் 523 ஹெர்ட்சும் சேர்ந்து போனால், அவை இரண்டு மட்டும் வெளியே வராது. கூட்டினால் வரும் 963, கழித்தால் வரும் 83, இரண்டு மடங்கு 440-லிருந்து 523 போக 357 என்று ராகத்துக்கே சம்பந்தமில்லாத குஞ்சுகளும் வரும். காதுக்குச் சேறு. ஒவ்வொரு குரலும் தன் தன் ஆம்பில் கரகரத்துவிட்டு, வெளியே காற்றில் சந்தித்தால் அந்தக் குஞ்சுகள் பிறப்பதில்லை. ஓவர்டிரைவோடு சுத்தமான கூட்டிசை வேண்டுமென்றால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஸ்டூடியோவில் அவர் ஒவ்வொரு குரலையும் தனித்தனி டிராக்காக ஏற்றியதற்கும் இதே காரணம்தான்.

சந்தேகப்பிராணி:

வீ வில் ராக் யூ பாட்டில் கால் தட்டலுக்குப் பகா எண்களைப் பயன்படுத்தினார் என்பது?

அலைநீளம்:

அவரே பேட்டியில் சொன்னதுதான். லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோ, பழைய தேவாலயக் கட்டடம். சிலர் பலகைமேல் நின்று தட்டியதைத் திரும்பத் திரும்பப் பதிந்து, ஒவ்வொரு நகலையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்தார். தள்ளிய தூரங்கள் பகா எண் விகிதத்தில்.

காரணம் எளிது. 20, 40, 60, 80 மில்லிநொடி என்று சம இடைவெளியில் வைத்தால் நொடிக்கு 50 முறை துடிக்கும் ஓர் ஒழுங்கு பிறக்கும். காது அதை 50 ஹெர்ட்ஸ் சுரமாகவே கேட்கும். கைதட்டல், குழாய்க்குள் தட்டியது மாதிரி ‘டொய்ங்’ என்று ஒலிக்கும். 11, 19, 29, 43 என்று வைத்தால் இடைவெளிகள் 8, 10, 14 என்று ஒழுங்கு குலைந்து, எந்தச் சுரமும் தலைதூக்காது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 29 மில்லிநொடி என்றால் 10 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள். கேட்பவருக்கு எக்கோ தெரியாது, பெரிய மைதானத்தில் பல தூரங்களில் மனிதர்கள் நிற்பது தெரியும். (எண்கள் விளக்கத்துக்கு நான் எடுத்தவை, ஸ்டூடியோக் குறிப்பு அல்ல.)

கண்டிப்பாகப் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. பொதுவான கால இடைவெளி ஒன்றும் அமையாத எந்த வரிசையும் போதும். பகா எண் அதற்குக் கையில் கிடைத்த சுலபமான வழி.

வான்தூசி:

சரி, ஆய்வுக்கு வரலாம். “கௌரவப் பட்டம்தானே” என்று வேறு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. அவருக்குக் கௌரவப் பட்டங்களும் உண்டு, ஆனால் இது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வேடு கொடுத்து, வாய்மொழித் தேர்வு முடித்து வாங்கியது. தலைப்பு, இராசிமண்டலத் தூசியின் ஆரத் திசைவேகங்கள் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகங்கள்). 1970-ல் தொடங்கி, 1974-ல் குவீன் சூடுபிடித்தபோது விட்டார். 2006-ல் மறுபடி பதிந்து 2007 ஆகஸ்டில் முடித்தார். இரண்டாம் சுற்றில் வழிகாட்டி மைக்கேல் ரோவன்-ராபின்சன். 2008 மே மாதம் ஆல்பர்ட் மண்டபத்தில் பட்டமளிப்பு. விடுவதற்கு முன்பே 1972-ல் நேச்சர் இதழிலும், 1974-ல் அரச வானியல் கழகத்தின் மாத இதழிலும் கூட்டாக இரண்டு கட்டுரைகள் வந்துவிட்டன.

அளந்தது என்ன? சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடும் தளத்தில் வால்மீன்களும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி பரவிக் கிடக்கிறது. அதில் பட்டுச் சிதறும் வெயில்தான் இராசிமண்டல ஒளி. சிதறிய வெயிலில் சூரிய நிறமாலையின் கருங்கோடுகள் அப்படியே இருக்கும். அதில் ஒன்றை, 5183.6 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும் மக்னீசியக் கோட்டை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தூசியின் வேகம் கிடைக்கும். டாப்ளர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. ஓடுகிறது. அந்த முழு வேகத்துக்கே கோடு நகர்வது அரை ஆங்ஸ்ட்ராம். 10 கி.மீ. வேகத்துக்கு 0.17. சாதாரணப் பட்டகத்துக்கு இது எட்டாது, அதனால் ஃபேப்ரி-பெரோ: அரைகுறை வெள்ளிப்பூச்சுள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகள், துல்லிய இணையாக. தட்டுகளின் இடைவெளியையோ நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தையோ மாற்றினால் அது விடும் அலைநீளம் நகரும். காற்று அழுத்தத்தை ஒரு வளிமண்டல அளவு மாற்றினால் இந்தக் கோட்டருகே சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் நகர்த்தலாம். கோட்டையும் அதன் இரு கரையையும் வருட அது போதும்.

அவதானித்தது 1971, 72-ல், டெனரீஃப் தீவின் இசானா. 2,390 மீட்டர் உயரம்.

இதில் கெடுவது எங்கே? ஒன்று, இந்த ஒளி மங்கல். இரண்டு, அதே திசையில் பின்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளியிலும் இதே மக்னீசியக் கோடு உண்டு. மூன்று, நம் வளிமண்டலமே இரவில் மினுங்குகிறது. 1972 கட்டுரை, இரவு வானில் தெரிந்த மக்னீசிய உமிழ்வைப் பற்றியதே. இவற்றைக் கழிக்காமல் வேகம் சொன்னால் அது தூசியின் வேகமாக இருக்காது. நான்காவது, பார்வைக்கோட்டில் கிட்டேயும் தூரத்திலும் இருக்கும் தூசி எல்லாம் கலந்தே வரும். அதனால் கோடு நகர்வதோடு அகலவும் செய்யும். ஒரு எண்ணை மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியாது. மாதிரிகளைக் கணித்துக் கோட்டின் முழு வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். கோள்கள் சுற்றும் திசையிலேயே தூசியும் சுற்றுகிறது என்பதற்கு அப்படிக் கிடைத்த பதில் ஒத்துப்போகிறது.

சந்தேகப்பிராணி:

33 வருடம் கழித்துப் பழைய டேட்டாவை வைத்துப் பட்டமா? வேறு யாராவது என்றால் கொடுத்திருப்பார்களா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

வான்தூசி:

நியாயமான கேள்வி. பெயர் உதவவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேறொருவருக்குக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறந்திருக்காது. ஆனால் கதவுக்குள் நுழைந்த பிறகு நடந்தது வேறு. இந்தத் துறை இடையில் பெரிய அளவில் தூங்கியது. பின்னாளில் அவர் அளவீடுகளை ஓரங்கட்டும் அளவுக்கு யாரும் குவித்துவிடவில்லை. அதே மக்னீசியக் கோட்டை நவீனக் கருவியான ‘வாம்’ வைத்து அளந்த முடிவு 2004-ல்தான் வெளியானது. அதுவும் ஃபேப்ரி-பெரோதான். ஆக ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைத்தது அவர் திரும்பி வருவதற்கு இரண்டே வருடம் முன்பு.

இடைக்காலத்தில் வந்ததையும் அவர் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் தூசிப் பட்டைகளைக் கண்டது, யுலிசிஸ் விண்கலம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் தூசியை உணர்ந்தது, இரண்டும் 1974-ல் இல்லாத செய்திகள். வேற்று விண்மீன்களைச் சுற்றியும் இத்தகைய தூசி இருப்பது தெரிந்ததால் பழைய கேள்விக்குப் புது மவுசு.

பிறமொழி ரசிகர்கள் சொல்வதுபோல் ‘உலகையே புரட்டிய ஆய்வு’ இல்லை. ஒழுங்காகச் செய்த, பயன்படும், நடுத்தர அளவு ஆய்வு. பெரும்பாலான ஆய்வேடுகளும் அப்படித்தானே.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நம் அட்சரேகையில் கோள்தளம் அடிவானத்துக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுவதால் லண்டன்காரர்களைவிட நமக்கு வசதி. பிப்ரவரி, மார்ச்சில் பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்கில். செப்டம்பர், அக்டோபரில் விடிவதற்கு முன் கிழக்கில். நிலா கூடாது. அந்தத் திசையில் ஊர் வெளிச்சம் இருந்தால் போகவே வேண்டாம். கூம்பு மாதிரி, அடி அகன்று நுனி சாய்ந்த வெளிச்சம். பால்வீதி என்று நினைத்து ஏமாறுவது வழக்கம். பால்வீதி திட்டுத் திட்டாக இருக்கும், இது வழவழவென்று இருக்கும். கேமராவில் அகல லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி.

இருகண்ணன்:

எல்லோரும் விடுகிற மூன்றாவது தொழில் ஒன்று உண்டு: ஸ்டீரியோ படங்கள், இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் தெரியவைப்பது. 1854-ல் தொடங்கி மறைந்துபோன லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனியின் பெயரை மீட்டு நடத்துகிறார். ‘அவுல்’ என்ற பிளாஸ்டிக் பார்வைக்கருவியும் அவர் வடிவமைத்தது. பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள், இது நாசா பணிக்கே போனது.

நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2018 டிசம்பரில் பென்னு சிறுகோளை அடைந்தபோது, மண் அள்ள 50 மீட்டர் அகல சமதளம் கிடைக்கும் என்ற திட்டத்தில் மண் விழுந்தது. எங்கும் பாறை. கடைசியில் தேர்ந்த ‘நைட்டிங்கேல்’ இருந்த பள்ளமே 20 மீட்டர்தான். அப்போது மேயும் கிளாடியா மன்சோனியும் விண்கலப் படங்களிலிருந்து ஜோடி சேர்த்து, இறங்கக்கூடிய இடங்களை முப்பரிமாணத்தில் பார்க்கக் கொடுத்தார்கள். லேசர் உயர அளவீடு எண் தரும். சாய்வையும் துருத்தும் பாறையையும் ஒரே பார்வையில் எடைபோடக் கண் வேண்டும். 2020 அக்டோபர் 20 அன்று விண்கலம் அங்கே தொட்டது, அள்ளிய மண் 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் இறங்கியது, 121.6 கிராம்.

ஜோடி சேர்ப்பது எப்படி? பென்னு 4.3 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, நிமிடத்துக்கு 1.4 டிகிரி. மூன்று நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படம் என்றால் 4 டிகிரி கோண வேறுபாடு, கண்ணுக்கு இதமான ஆழம். ஆனால் பொருள் சுழன்றால் நிழலும் நகர்ந்துவிடும். நிழல் இரண்டு படத்திலும் வேறு வேறாக இருந்தால் மூளை அதைப் பள்ளமா மேடா என்று முடிவுசெய்ய முடியாமல் மினுமினுக்கும். விண்கலம் நகர்ந்து எடுத்த ஜோடியில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஆயிரக்கணக்கான படங்களில் கோணம், வெளிச்சம், தூரம் மூன்றும் பொருந்தும் ஜோடியைத் தேடுவதுதான் வேலையே.

வீட்டில் அச்சிட்டுப் பார்க்கிறவர்களுக்கு மூன்றே குறிப்பு. இரண்டு படத்திலும் ஒரே புள்ளிக்கு இடையே தூரம் 65 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் கண் வெளிப்பக்கம் விரிய வேண்டும், விரியாது. மேல் கீழ் ஒரு மி.மீ. பிசகினாலும் தலைவலி. இடம் வலம் மாறிப்போனால் பள்ளம் எல்லாம் கொப்புளமாகத் தெரியும். நிலாவில் இதைச் செய்து பாருங்கள், சிரிப்பு வரும்.

மாட்டுக்கொட்டில்:

இவ்வளவு நேரம் தாளம் போட்டாகிவிட்டது. பேட்ஜர் விஷயத்தில் அவரை அப்படியே விழுங்க முடியாது.

தெரியாதவர்களுக்கு: பேட்ஜர், மண்ணில் வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை உள்ள ஐரோப்பிய விலங்கு. இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைப் பரப்புகிறது என்று 2013-ல் குளோஸ்டர்ஷயர், சாமர்செட்டில் சோதனையாகத் தொடங்கி இதுவரை 2 லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். பிரையன் மே 2010-ல் தொடங்கிய ‘சேவ் மீ’ அமைப்பு இதை எதிர்த்தது. 2013-ல் அவர்கள் முன்நின்ற மனுவில் 3 லட்சம் கையெழுத்து.

இப்போது மறுபக்கம். அரசின் கால்நடை நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, கொல்லத் தொடங்கி நான்காவது ஆண்டுக்குள் அந்தப் பகுதிகளில் மந்தைகளில் நோய் புதிதாகத் தொற்றும் விகிதம் 56 விழுக்காடு குறைந்தது. பால் மாட்டை நம்பி வாழ்கிறவனிடம் போய் இதெல்லாம் வீண் என்று சொல்வதற்கு முன் அந்த எண்ணுக்குப் பதில் வேண்டும்.

வான்தூசி:

எண் சரி. ஆனால் அதே கட்டுரை, குறைவுக்குக் கொலை மட்டுமே காரணம் என்று பிரித்துக் காட்டவில்லை. அதே பகுதிகளில் கூடுதல் பரிசோதனையும் பண்ணைக் கட்டுப்பாடும் சேர்ந்து நடந்தன. கொல்லாத ஒப்பீட்டுப் பகுதி வைத்து நடத்திய சோதனை ஒன்றுதான், 1998-லிருந்து 2005 வரை. அதில் கொன்ற பகுதிக்குள் சுமார் 23 விழுக்காடு குறைந்தது, எல்லைக்கு வெளியே 2 கி.மீ. வரை சுமார் 25 விழுக்காடு கூடியது. கூட்டம் கலைந்து மிஞ்சிய விலங்குகள் அலையத் தொடங்கியதால். அந்தக் குழு 2007-ல், கொலை பொருட்படுத்தத் தக்க பலன் தராது என்று எழுதிக் கொடுத்தது.

மாட்டுக்கொட்டில்:

அந்தச் சோதனையை மறுபடி அலசி முடிவில் சந்தேகம் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள், நிலைநிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அது ஓயாது. மே இதில் உருப்படியாகச் செய்தது வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன்: கொடி பிடிப்பதோடு நிற்காமல் மாட்டுப் பரிசோதனை பக்கம் போனார்.

தோல் பரிசோதனை எப்படி என்றால், கழுத்தில் இரண்டு இடம் மயிர் மழித்து, தோல் மடிப்பின் தடிமனைக் காலிப்பரில் அளந்து, ஒன்றில் பறவைக் காசநோய் டியூபர்குலின் (கிருமியிலிருந்து எடுத்த புரதம்), ஒன்றில் மாட்டுடையது, ஒவ்வொன்றும் 0.1 மி.லி. ஊசி. 72 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது. மாட்டுடைய வீக்கம் பறவையுடையதைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடுதல் என்றால் நோய். பொய்யாக ‘நோய்’ என்று சொல்வது மிக அரிது. ஆனால் நோயுள்ள பத்தில் சுமார் எட்டைத்தான் பிடிக்கும். இன்னும் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. தப்பிய இரண்டு மாடு மந்தைக்குள்ளேயே நின்று, நோய் ஆறாமல் சாணத்திலும் கிருமியை விடும். நோய் முற்றிய மாடு சில சமயம் ஊசிக்கு வீங்கவே வீங்காது. ஆகப் பரப்புகிற மாடே ‘நலம்’ சீட்டோடு நிற்கும்.

டெவன் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் இதைத்தான் தொட்டார்கள். பேட்ஜரைத் தொடவில்லை. தோல் பரிசோதனையில் தப்பியவற்றின் ரத்தத்தையும் சாணத்தையும் வேறு முறையில் சோதித்து, கிருமி விடும் மாட்டைப் பிரித்து, சாணக் கழிவு தீனிக்கும் தண்ணீருக்கும் போகாமல் தடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் பிபிசியில் படமாகவும் வந்தது.

என் குறை இதுதான்: அது ஒரே பண்ணை. ஒப்பீட்டுப் பண்ணை இல்லை. ஃபேப்ரி-பெரோவில் விண்மீன் ஒளியைக் கழிக்காமல் வேகம் சொல்லாதவர், இங்கே எதையும் கழிக்காமல் “பேட்ஜர் காரணமில்லை” என்கிறார். “மாட்டிலிருந்து மாட்டுக்குப் போவதை நாம் குறைத்து மதிப்பிட்டோம்” என்று நிறுத்தியிருந்தால் என் கையெழுத்தும் அவருக்கு.

வான்தூசி:

இதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன்: சொந்தப் பக்கத்தாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் பெரிய விலங்குநல அமைப்பில் துணைத்தலைவராக இருந்தவர், அது சான்றளித்த பண்ணைகளின் நிலை வெளிவந்த பிறகு 2024 செப்டம்பரில் பதவியை விட்டார்.

சந்தேகப்பிராணி:

என் பெயருக்கு ஏற்ற கேள்வி எல்லாம் தீர்ந்தது. மணி அண்ணே, கடைசியாக ஒன்று: பூஸ்டர் கட்டினால் காலையில் நன்றாகவும் மதியம் சப்பென்றும் ஒலிப்பதற்கு என்ன காரணம்? கலெக்டரில் நாலரை வோல்ட்தான் காட்டுகிறது என்று பலர் கேட்கிறார்கள்.

சால்டர்மணி:

வெயில். ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். லண்டன் 18 டிகிரிக்குப் போட்ட மதிப்புகள் சித்திரை மாதத்து மாடி அறைக்கு ஒத்துவராது. 68 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே 100 கே டிரிம்பாட் போடுங்கள். அறை சூடான பிற்பாடு, மதியமே, மீட்டரை வைத்துக்கொண்டு மெல்லக் குறைத்து 7 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், விரல் சூட்டுக்கே எண் ஓடும். டிரிம்பாட் கடைசிவரை போயும் 7 வரவில்லை என்றால் அந்த ஓசி44 கசிகிற சரக்கு. வாங்கும்போதே நாலைந்தாக வாங்கி, கசிவு குறைந்ததைப் பொறுக்கி வையுங்கள்.